நீருக்குள் ஒரு தோட்டம் – 7: எந்த விளக்கு, எத்தனை மணி நேரம்?

அடிமண் போட்டாயிற்று. இனி விளக்கு. செடித் தொட்டி வைத்துச் சலித்துப்போய்க் கைவிட்டவர்களைக் கேட்டால், பெரும்பாலும் பாசியைத்தான் குறை சொல்வார்கள். அந்தப் பாசிக்குப் பின்னால் அநேகமாக விளக்கு இருக்கும். வெளிச்சம் போதாமல் அல்ல, மிஞ்சிப்போய்.

என் முதல் செடித் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குக்கு 57 லிட்டர். ‘ஒரு காலன் தண்ணீருக்கு இரண்டு, மூன்று வாட்’ என்று பழைய புத்தகம் ஒன்றில் படித்திருந்தேன். அதை நம்பிக் கொளத்தூரில் 36 வாட் எல்.இ.டி. விளக்கு வாங்கி மாட்டினேன். காலையில் எழுந்ததும் போட்டால் இரவு படுக்கும்போதுதான் அணைப்பேன். மூன்றாவது வாரம் கண்ணாடி பச்சையாகிவிட்டது, இலை விளிம்பெல்லாம் நூல்பாசி. மருந்து ஊற்றினேன். பாசி போயிற்று, பத்தே நாளில் திரும்பி வந்தது.

அந்த வாட் கணக்கு டியூப்லைட் காலத்தது. டியூப் நாலாபுறமும் ஒளியைச் சிந்தும். மேலே போகும் ஒளியில் பாதி மூடியிலேயே வீணாகும். எல்.இ.டி. கீழ்நோக்கி மட்டும் அடிக்கும், ஒரு வாட்டுக்குத் தரும் ஒளியும் அதிகம். ஆகவே வாட் என்பது நாம் கட்டும் மின்கட்டணத்தைச் சொல்லுமே தவிர, செடிக்குக் கிடைக்கும் ஒளியைச் சொல்லாது. பெட்டியின்மேல் லூமென் என்று போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். எளிய செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமென் போதும். என் தொட்டிக்கு ஆயிரம் லூமென் தரும் பத்துப் பன்னிரண்டு வாட் விளக்கே தாராளம். நான் மாட்டியது அதைப்போல மூன்று மடங்கு.

லூமென் மனிதக் கண்ணுக்கான அளவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் கண்ணுக்குப் பச்சைதான் பளிச்சென்று தெரியும். செடியின் பச்சையம் நீலத்தையும் சிவப்பையுமே அதிகம் உறிஞ்சும். செடிக்கான ஒளியை அளக்கும் பார் மீட்டர் விலை கூடியது, வீட்டுத் தொட்டிக்கு அவசியமில்லை. 6500 கெல்வின் வெள்ளை விளக்கு வாங்கினால் செடிக்கு வேண்டிய நிறங்கள் அதிலேயே இருக்கின்றன. ஊதா விளக்கில் மீன் அழகாகத் தெரியும் என்பது உண்மை. அதற்காகச் செடித் தொட்டிக்கு அதை வாங்காதீர்கள்.

மிஞ்சிய ஒளி ஏன் பாசியில் முடிகிறது? ஒளி கூடக் கூடச் செடி வேகமாக உணவு சமைக்கப் பார்க்கும். அதற்கேற்ற கரியமில வாயுவும் உரமும் தண்ணீரில் இல்லையென்றால் செடி அப்படியே நின்றுவிடும். பாசிக்குக் கொஞ்சம் சத்து போதும். மீதி ஒளியை அது எடுத்துக்கொள்ளும்.

அதனால் விளக்குக் கடைக்குப் போகுமுன் செடியை முடிவு செய்யுங்கள். அந்தச் செடி பிறந்த இடமே பாதி பதிலைச் சொல்லிவிடும். இலங்கையின் நிழலடர்ந்த ஓடைகளில் வளர்வது கிரிப்டோகோரின் வெண்ட்டி. மேற்கு ஆப்பிரிக்கக் காட்டு நீரோடைச் செடி அனுபியாஸ். இரண்டுக்கும் மங்கிய ஒளி போதும். விளக்கைக் கூட்டினால் அனுபியாஸின் தடித்த இலைமேல் பச்சைப் புள்ளிப் பாசி அப்பிக்கொள்ளும். நம் வயல் வரப்பு ஈரத்தில் படர்கிற நீர்ப்பிரமியைத்தான் கடைகளில் பகோப்பா என்று விற்கிறார்கள். வெயில் கண்ட செடி அது; ஒளி குறைந்தால் கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு ஒல்லியாக மேலே ஓடும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து ரொட்டாலா மக்ராண்ட்ரா செக்கச்செவேலென்று நிற்க வேண்டுமானால் பலமான விளக்கு, வாயு சிலிண்டர், உரம் மூன்றும் சேர்ந்தே வேண்டும். முதல் தொட்டியில் அதை வைக்காதீர்கள்.

கூடுதல் வாட் விளக்கு ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? தூக்கிப் போட வேண்டாம். தண்ணீருக்கு மேலே அரையடி உயர்த்திக் கட்டினால் ஒளி பரவித் தணியும். என் 36 வாட் விளக்கு இன்றும் அப்படித்தான் தொங்குகிறது.

நேரமும் ஒளிதான். தொட்டியை வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தால் அந்த வெளிச்சமும் கணக்கில் சேரும், சித்திரை வைகாசியில் தண்ணீரும் சுடும். தொட்டியை உள்சுவர்ப் பக்கம் தள்ளி வையுங்கள். ஒரு டைமர் வாங்கி, முதல் மாதம் மாலை நாலு மணிக்கு எரிந்து பத்து மணிக்கு அணையும்படி வையுங்கள். ஆறு மணி நேரம் போதும். புது இலை விட்டு, பாசியும் தலைகாட்டாமல் இருந்தால் வாரத்துக்கு அரை மணி கூட்டி, எட்டு மணி நேரத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

(தொடரும்)