வீட்டில் ஒரு நல்ல செட் – 4: அம்ப்பின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ ஒரு கடைக்குப் போய் வீட்டுக்கு ஒரு அம்ப்ளிஃபயர் வேணும் என்று கேட்டால் முதலில் காதில் விழுவது வாட் கணக்குத்தான். ஐந்நூறு, ஆயிரம், ஐயாயிரம் என்று பெட்டியிலேயே பெரிய எழுத்தில் அடித்திருக்கும். முதல் முறை செட் வாங்குகிறவர் பெரும்பாலும் இந்த இலக்கத்தில்தான் ஏமாறுகிறார். சென்ற வாரம் ஸ்பீக்கரை முதலில் முடிவு செய்யுங்கள் என்று எழுதியதற்குக் காரணமும் இதுவே. எந்த ஸ்பீக்கர், எவ்வளவு பெரிய அறை என்று தெரிந்துவிட்டால், எத்தனை வாட் தேவை என்பதைக் கடைக்காரர் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கைப் பார்ப்போம். சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 86 டெசிபல் சத்தம் வரும். ஸ்பீக்கரின் விபரத் தாளில் ‘சென்சிட்டிவிட்டி’ என்று இருப்பது இந்த அளவுதான். 86 டெசிபல் என்பது பக்கத்தில் இருப்பவருடன் குரலை உயர்த்திப் பேச வேண்டிய சத்தம். அதாவது நாம் பாட்டுக் கேட்கும் நேரத்தில் பெரும் பகுதி ஓடுவது ஒன்றிரண்டு வாட்டில். மிச்சமுள்ள வாட், றபானில் ஓங்கி ஓர் அடி விழுவது போன்ற கணங்களுக்குத் தேவையான கையிருப்பு. ஒரு வாட்டிலிருந்து 20 வாட்டுக்குப் போனால் 13 டெசிபல் கூடும், அது பெரிய ஏற்றம். ஆனால் 50 வாட்டை 100 வாட்டாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காசு இரட்டிப்பாகும், காது சற்றுத்தான் உணரும். சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் வாட் பத்து மடங்கு வேண்டும்.

அப்படியானால் ஐயாயிரம் வாட் பெட்டி? முகப்பில் இருப்பது ‘பீ.எம்.பீ.ஓ.’ கணக்கு. அதற்குப் பொதுவான அளவுமுறையே கிடையாது, யாரும் எதையும் எழுதலாம். நீங்கள் கேட்க வேண்டியது, அம்ப் தொடர்ந்து கொடுக்கக்கூடிய ‘ஆர்.எம்.எஸ்.’ வாட், அதுவும் எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு என்பதையும் சேர்த்து. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பெட்டியைத் திருப்புங்கள். எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பின்பக்கத்தில் இருக்கும். சுவரிலிருந்து 40 வாட் இழுக்கும் பெட்டி ஆயிரம் வாட் சத்தத்தைத் தொடர்ந்து கொடுக்க வழியே இல்லை.

இப்போது கைக்குள் அடங்கும் சின்ன ‘கிளாஸ் டி’ அம்ப்கள் நிறைய வருகின்றன. நல்ல சாமான்தான், சூடும் குறைவு. ஆனால் அதன் உயிர் அடாப்டரில் இருக்கிறது. 12 வோல்ட் அடாப்டரில் ஓடினால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 9 வாட்டுக்கு மேல் சுத்தமாக வராது. அதே அம்ப் தாங்குமென்றால், 24 வோல்ட்டில் 30 வாட் வரை எதிர்பார்க்கலாம். மேலே ‘50 + 50’ என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 4 ஓம் ஸ்பீக்கருக்கான கணக்கு.

வாட் குறைவு என்பதால் அம்ப் மட்டமாகிவிடாது. 1978ல் என்.ஏ.டி. கம்பனி 3020 என்றொரு அம்ப்பை வெளியிட்டது. நோர்வேக்காரரான எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்தது. பார்வைக்குச் சாதாரணப் பெட்டி, விலையும் குறைவு, எழுதியிருந்த சக்தி ஒரு பக்கத்துக்கு 20 வாட். திடீர் உச்சங்களில் அதைவிடக் கூடக் கொடுக்கும், கஷ்டமான ஸ்பீக்கரையும் தாங்கும். உலகில் அதிகம் விற்ற ஹை-ஃபை அம்ப்களில் அது ஒன்றானது. கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் நடுவில், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழும் நமக்கு நேர்மையான 20, 30 வாட் தாராளம். சின்ன சத்தத்திலும் பாட்டு நிறைவாகக் கேட்க வேண்டும், அதுதான் நம் ஊரின் தேவை. ரிமோட் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாங்கு சொன்னதும் இருந்த இடத்திலிருந்தே நிறுத்த முடிய வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்த செட் என்றால் வோல்ட்டைப் பார்க்காமல் பிளக்கைச் சொருகவே வேண்டாம். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கட்டார், குவைத், துபாய் செட்டுகளுக்குப் பிரச்சினை இல்லை. சவூதி வீடுகளில் நீண்ட காலம் 127 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் ஓடியது. வாப்பாமார் அங்கிருந்து கொண்டுவந்த பழைய செட்டுகள் சிலவற்றின் பின்னால் 110, 127, 220, 240 என்று திருப்பும் சுவிச் இருக்கும். அது 220லோ 240லோ நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஜப்பானிலிருந்து பாவித்த சாமானாக வரும் சன்சுயி, பயனியர், கென்வூட் அம்ப்கள் அருமையானவை, ஆனால் அந்த நாட்டுக்கென்று செய்தவை 100 வோல்ட். நேரே 230ல் போட்டால் அந்த நிமிடமே எரியும். ட்ரான்ஸ்போமர் வேண்டும், அதுவும் 100 வோல்ட் கொடுப்பது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 110 வோல்ட் ட்ரான்ஸ்போமர் அதற்குக் கூடுதல்.

ஓம் விஷயத்திலும் கவனம் வேண்டும். பின்னால் ‘6 முதல் 16 ஓம்’ என்று இருந்தால், இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை ஒரே முனையில் பக்கம்பக்கமாகக் கொழுவாதீர்கள். அது 4 ஓம் ஆகிவிடும். குசினிக்கும் ஒரு பொக்ஸ் இழுப்போம் என்று வயரைச் சேர்க்கிற வீடுகளில் அம்ப் சூடேறிச் சாவது இப்படித்தான்.

பாவித்த அம்ப் வாங்கினால் ஒரு சோதனையை விடாதீர்கள். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, அம்ப்பைப் போட்டுச் சில நிமிடம் கழித்து, ஸ்பீக்கர் முனைகளில் மீற்றரை வைத்து டீ.சி. பார்க்கச் சொல்லுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் காட்டினால் அது உங்கள் ஸ்பீக்கரைத் தின்றுவிடும். கடற்கரை வீட்டிலிருந்து வந்த செட் என்றால் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா, வொலியூமைத் திருகும்போது கரகரக்கிறதா என்றும் பாருங்கள். உப்புக் காற்றின் வேலை அது. பெரும்பாலும் சுத்தம் செய்தாலே சரியாகும், விலை பேசவும் உதவும்.

கடைசியில் காதுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கடைக்காரர் போடும் அதிரடிப் பாட்டில் எல்லா அம்ப்பும் நன்றாகவே கேட்கும். நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பாட்டொன்றைக் கொண்டுபோய்ப் போடுங்கள். அந்தக் கனத்த குரல் தொண்டையில் அடைத்தது போலக் கேட்டால் வாங்க வேண்டாம். பொல்லடியின் பதிவொன்று கையிலிருந்தால் இன்னும் நல்லது. கம்பும் கம்பும் மோதும் ஒலி ஒவ்வொன்றும் தனித்தனியாக விழ வேண்டும், இரைச்சலாகக் கலங்கக் கூடாது. பாட்டை நிறுத்திவிட்டு வொலியூமைக் கூட்டி, ‘ம்ம்’ என்ற உறுமல் வருகிறதா என்றும் கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே வெளிநாட்டிலிருந்து வந்த பழைய அம்ப் ஒன்று கிடந்தால், இரும்புக்குப் போடாதீர்கள். காய்ந்துபோன இரண்டு கெப்பாசிட்டரை மாற்றினால் உயிர் வரக்கூடியவை அவற்றில் நிறைய. புதிதாக வாங்குமுன் அதை றிப்பேர் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மிஞ்சும் காசை ஸ்பீக்கரில் போடலாம்.

(அடுத்த வாரம்: ஸ்பீக்கரை அறையில் எங்கே வைப்பது?)