எண்ணெய் பூசியும் துருப்பிடித்த குழல்

புத்தளம் களப்பின் ஓரத்தில், தில்லையடி, பாலாவிப் பக்கமெல்லாம் வெயில் காலத்தில் உப்பு விளைகிறது. மழை தொடங்கிவிட்டால் அதே உப்பு சமையலறைச் சாடிக்குள் கசிந்து நீர்விடும். உலகம் முழுதும் துவக்குக் குழல்களை அரித்த ஒரு புதிருக்கு விடை இந்தக் கசிவில்தான் இருந்தது. அது தெளிவாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிவரை துவக்குகளில் எரிந்தது கரிமருந்து. சுட்டு முடித்ததும் குழல் முழுக்கக் கரி அப்பியிருக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் தீராது. 1889இல் பிரித்தானியாவில் கோடைற் என்ற புகையற்ற மருந்து காப்புரிமை பெற்றது. இலங்கையிலும் புழங்கிய .303 லீ-என்பீல்ட் ரைபிளின் தோட்டாவில் இருந்தது அதுதான். சுட்ட பிறகும் குழல் பளபளவென்று இருந்ததால், இனித் தண்ணீர் எதற்கு, எண்ணெய்த்துணி போதும் என்று பலர் நினைத்தார்கள். துடைத்து எண்ணெய் பூசி வைத்த குழல் சில நாளில் துருவேறியது. மருந்தின் அமில வாயு உருக்குக்குள் ஊறிப்போய்ப் பிறகு வெளியே கசிகிறது என்றுகூட விளக்கம் சொன்னார்கள்.

1922இல் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தின் ஆய்வாளர் வில்பர்ட் ஹஃப் உண்மைக் குற்றவாளியைக் காட்டினார். பழி மருந்தின்மேல் இல்லை. தோட்டாவின் அடியில் இருக்கும் சிறு கேப்பின்மேல். சுடுமுனை தட்டியதும் தீப்பற்றும் கலவையில் பொற்றாசியம் குளோரேற்று இருந்தது. எரிவதற்கான ஒட்சிசனைக் கொடுத்துவிட்டு அது பொற்றாசியம் குளோரைட்டாக மாறும். அதாவது, கறியுப்புக்குச் சொந்தக்கார உப்பு ஒன்று ஒவ்வொரு வெடிக்கும் குழலெங்கும் தூவப்பட்டது.

காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 84 சதவீதத்தைத் தாண்டினால் இந்த உப்பு நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கறியுப்புக்கு 75 சதவீதமே போதும். கரைந்த குளோரைட்டு இரும்பின் காப்புப் படலத்தை உடைக்கிறது. அரித்து முடித்த பின்னும் அது தீர்ந்துபோவதில்லை; அடுத்த அரிப்புக்கு அங்கேயே காத்திருக்கும். எண்ணெயில் உப்பு கரையாது. மேலே எண்ணெய் பூசினாலும் நீராவி மெல்ல ஊடுருவி அடியிலுள்ள உப்பைச் சேர்ந்துவிடும். கரிமருந்துக் காலத்தவர்கள் காரணம் தெரியாமலே சரியான காரியத்தைச் செய்திருந்தார்கள்: தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு போயிற்று. பிரித்தானியப் படையினரும் குழலுக்குள் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, பிறகே எண்ணெய் பூசினார்கள். இன்றைய பெரும்பாலான கேப்புகளில் குளோரேற்று இல்லை. பழைய படைத் தோட்டாக்கள் சிலவற்றில் இன்னும் உண்டு.

கழுவும் முறையிலும் காரணங்கள் இருக்கின்றன. முதலில் தோட்டாப் பெட்டியைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, தோட்டா அறை வெறுமையா என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்ய வேண்டும். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். முடிந்தவரை குழலின் பின்புறமிருந்தே துடைக்கும் கம்பியைச் செலுத்துவார்கள். சன்னம் கடைசியாகத் தொட்டு விலகும் இடம் வாய் விளிம்பு. அதில் ஒரு பக்கம் கீறல் விழுந்தால் பின்னால் வரும் வாயு சன்னத்தைச் சாய்த்துவிடும். லீ-என்பீல்டின் கட்டைக்குள் இருந்த ‘புல்த்ரூ’ கயிறும் பின்னாலிருந்து இறக்கி முன்னால் இழுப்பதற்கே. வேலை முடிந்ததும் போல்ட் கழற்றிய குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பது கட்டாயம். துணித்துண்டு ஒன்று உள்ளே தங்கியிருந்தால் அடுத்த வெடியில் குழல் புடைக்கும், பிளக்கவும் கூடும். சுடுவதற்கு முன் உள்ளேயுள்ள எண்ணெயையும் துடைத்தெடுக்க வேண்டும்.

குறியைத் திருத்தும் வேலை இதற்குப் பிறகுதான். அது வெறும் முக்கோணக் கணக்கு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி அரை மீற்றர் என்றால், பின்குறியை 1 மில்லிமீற்றர் வலப்பக்கம் நகர்த்தினால் 100 மீற்றர் தூரத்தில் சன்னம் 20 சென்ரிமீற்றர் வலப்பக்கம் போகும். பின்குறியை நகர்த்தும் திசையிலேயே சன்னமும் போகும். முன்குறி என்றால் எதிர்த்திசை. புவியீர்ப்புக்கும் இதில் பங்குண்டு. விநாடிக்கு 744 மீற்றர் வேகத்தில் புறப்படும் .303 சன்னம் 100 மீற்றரைக் கடப்பதற்குள் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் தாழ்ந்துவிடுகிறது. அதனால் நேராகக் குறிபார்க்கிறோம் என்று நாம் நினைக்கும்போதும் குழல் பார்வைக்கோட்டைவிடச் சற்றே மேல்நோக்கி இருக்கிறது.

இவ்வளவு நுட்பமான கணக்கும் குழல் ஒழுங்காக இருந்தால்தான் பலிக்கும். சன்னத்தைச் சுழலவைக்கும் புரிகளின் ஆழம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். அந்த ஆழத்துக்குத் துரு குழிபறித்துவிட்டால் குறியைத் திருத்தும் எந்தத் திருகாணியாலும் ஈடுகட்ட முடியாது. ஆகவே அனுபவசாலிகள் ஒரு வெடியை வைத்துக் குறியைத் திருத்துவதில்லை. எண்ணெய்ப்பசை ஒட்டிய குழலின் முதல் வெடி தனிவழி போகலாம். ஐந்தாறு வெடிகள் ஒரே கூட்டமாக விழுந்து, கூட்டம் மட்டும் இடம் தள்ளியிருந்தால் குறியைத் தொடலாம். அங்கொன்று இங்கொன்றாகச் சிதறினால் திருகாணியை விட்டுவிட்டு, குழலையும் தோட்டாவையும் தன் கையையும் சந்தேகிக்க வேண்டும்.