பனி நாட்டுக்குப் போகும் பிள்ளைக்கு

தமிழ் நாட்டாராகிய நமக்கும் குளிருக்கும் உள்ள பரிச்சயம் மிகவும் சொற்பம். மார்கழி மாதத்து விடியற்காலையில் கழுத்தில் மப்ளரும் தலையில் குல்லாயுமாக நாம் கோயிலுக்குப் புறப்படும்போது, இமயமலையைத் தாண்டப் போகிறவர்களின் கம்பீரம் நம் முகத்தில் வந்துவிடும். ஆனால் அந்த வேளையிலும் சென்னையின் உஷ்ணநிலை 20 டிகிரிக்குக் கீழே அதிகமாக இறங்குவதில்லை. கனடா தேசத்து வின்னிபெக் நகரத்தாருக்கு அது மே மாத நடுப்பகல்!

இந்தச் சொற்பப் பரிச்சயத்தைத் துணையாகக் கொண்டுதான், வருஷந்தோறும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அநேக தமிழ்க் குடும்பங்கள் மேல் படிப்புக்காகக் கனடாவுக்குப் புறப்படும் பிள்ளையையோ பெண்ணையோ அழைத்துக்கொண்டு கடைத் தெருவுக்குச் செல்கின்றன. கடைக்காரர் ஒரு பெரிய கோட்டை எடுத்துப் போடுகிறார். தகப்பனார் அதைக் கையில் தூக்கிப் பார்க்கிறார். கனம் அதிகமாயிருப்பது கண்டு திருப்தியடைகிறார். படிப்புக்காக வாங்கிய கடனில் ஒரு பகுதி அங்கே கரைகிறது. விமானத்தில் கொண்டுபோகக்கூடிய எடையிலும் ஒரு பகுதியை அந்தக் கோட்டே விழுங்கிவிடுகிறது. டிஸம்பர் மாதத்தில் பிள்ளை அதற்குள்ளே நடுங்கிக்கொண்டிருக்கிறான். பெற்றோர் மனம் வருந்துமே என்று அதை அவன் வெளியிடுவதுமில்லை.

நடுங்காமல் என்ன செய்வான்? வின்னிபெக்கில் ஜனவரி மாதத்துச் சராசரி உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 16 டிகிரி. இதோடு காற்றும் சேர்ந்துகொள்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி இருக்கும் ஒரு நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடாத சருமத்துக்கு அது 33 டிகிரிக் குளிர் போலத் தாக்கும். அத்தகைய குளிரில் 10 முதல் 30 நிமிஷத்துக்குள் காதும் மூக்கும் உறைந்து புண்ணாகிவிடலாம். ஆகையால் இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய விஷயமல்ல. தேக க்ஷேமத்தைப் பற்றிய விஷயம்.

குளிரை வெல்வதற்குப் பணம் மட்டும் போதாது என்பதற்கு நம் ராமானுஜனைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் 1914-ம் வருஷம் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்தவர் பிரசாந்த சந்திர மஹலநோபிஸ். பிற்காலத்தில் புள்ளியியலில் பெரும் புகழ் பெற்றவர். இரவில் குளிர் தாங்கவில்லை என்றும், மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையையும் சுற்றிக்கொண்டு படுப்பதாகவும் ராமானுஜன் அவரிடம் சொன்னார். மஹலநோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் தயாராகவே இருந்தன! அவற்றின் ஓரங்களை மெத்தைக்கு அடியில் செருகி, மேலே ஒரு விரிப்பையும் போட்டிருந்தார்கள். அந்தக் கம்பளிகளை விலக்கி உள்ளே புகுந்து படுக்கவேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் அவற்றின் மேலேயே படுத்து வந்தார்.

எண்களின் ரகஸியங்களை எல்லாம் அறிந்தவருக்குக் கட்டிலின் ரகஸியத்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கும்பகோணத்துப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? இன்று நாம் வழியனுப்பும் பிள்ளைகளின் நிலையும் ஏறக்குறைய இதுதான். கம்பளி வாங்கிக் கொடுக்கிறோம். கம்பளியின் சாஸ்திரத்தைச் சொல்லிக் கொடுப்பதில்லை.

அந்தச் சாஸ்திரம் மிகவும் சுலபமானது. எந்த உடையும் உஷ்ணத்தை உண்டாக்குவதில்லை. உஷ்ணத்தை உண்டாக்குவது தேகம். அதை வெளியே போகவிடாமல் காப்பது, இழைகளின் நடுவே அசையாமல் நிற்கும் காற்று. கீற்றுக் கூரை வேய்ந்த வீட்டில் வெயிலின் கொடுமை தெரியாமல் இருப்பதற்கும் இதே அசையாக் காற்றுதான் காரணம். வெளியே உள்ள வெப்பத்தை உள்ளே விடாத அதே காவல்காரன், உள்ளே உள்ள வெப்பத்தை வெளியேயும் விடமாட்டான். இந்தக் காவல்காரனுக்குச் சத்துருக்கள் இருவர்: ஒன்று வீசும் காற்று, மற்றொன்று ஈரம். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உஷ்ணத்தைக் கடத்திவிடும்.

இதைத் தெரிந்துகொண்டால், ஒரே கனமான கோட்டைவிட மூன்று அடுக்கு உடை ஏன் மேல் என்பது விளங்கும்.

முதல் அடுக்கு உடம்போடு ஒட்டியிருப்பது. இங்கேதான் நம் பழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. திருப்பூர்ப் பருத்திப் பனியனுக்கு நம் ஊர் வெயிலில் இணை கிடையாது. ஆனால் பனி நாட்டில் அது வியர்வையைக் குடித்து ஈரத்தோடு உடம்பில் ஒட்டிக்கொண்டு, வேண்டாத குளிரை விருந்துக்கு அழைக்கும். மெல்லிய மெரினோக் கம்பளியிலோ பாலியெஸ்டரிலோ செய்த உள்ளாடைகளே தகுந்தவை. கம்பளியின் குணம் விசேஷமானது. தன் எடையில் சுமார் 30 சதவிகிதம் வரை ஈரத்தை உறிஞ்சிய பின்னும் அது தொடுவதற்கு நனைந்ததாகத் தோன்றாது.

இரண்டாவது அடுக்கு ஸ்வெட்டர். இதற்குச் சீமைச் சரக்கைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. லூதியானாவில் பின்னும் கம்பளி ஸ்வெட்டர்கள் தாராளமாகப் போதும். சுதேசி விரதமும் நிறைவேறும், பணமும் மிஞ்சும்.

மூன்றாவது அடுக்கு வெளிக்கோட்டு. அது காற்றைத் தடுக்க வேண்டும். தொடை வரையில் நீண்டிருக்க வேண்டும். தலையை மூடும் முக்காடும் இருக்க வேண்டும். உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள இடம் விட்டு வாங்க வேண்டும். இறுக்கமான கோட்டில் காற்று நிற்க இடமேது? வாத்தின் மெல்லிறகு அடைத்த கோட்டு மிகவும் லேசானது. ஆனால் நனைந்தால் பயனற்றது. ஜீவகாருண்யத்தை முன்னிட்டு இறகு வேண்டாம் என்பவர்களுக்குச் செயற்கை இழை அடைத்த கோட்டுகளும் உண்டு. ஈரம் பட்டாலும் அவை ஓரளவு உஷ்ணத்தைக் காக்கும்.

கை கால்களை மறக்கலாகாது. பூட்ஸ் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். இரண்டு ஜோடி மேஜோடுகளைப் போட்டுக் காலை இறுக்கித் திணித்தால், ரத்த ஓட்டம் குறைந்து குளிர் அதிகமாகும். விரல்களைத் தனித்தனியே பிரிக்கும் கையுறையைவிட, நான்கு விரல்களையும் ஒன்றாக மூடும் கையுறை அதிகக் கதகதப்பானது. கூட்டுக் குடும்பத்தின் மகிமை அங்கேயும் விளங்குகிறது! பெண் குழந்தைகளுக்கு இன்னொரு வார்த்தை: தலைக்கு ஸ்நானம் செய்துவிட்டு ஈரக் கூந்தலோடு வெளியே புறப்படும் வழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போகவேண்டும்.

சரி, எதை எங்கே வாங்குவது? உள்ளாடை இரண்டு ஜோடி, ஸ்வெட்டர் இரண்டு, கம்பளிக் குல்லாய் ஒன்று, சில ஜோடி மேஜோடுகள் - இவ்வளவும் இங்கே வாங்கினால் போதும். கோட்டையும் பூட்ஸையும் அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். பெரும்பாலான சர்வகலாசாலைகளில் செப்டம்பரில் வகுப்புகள் ஆரம்பமாகின்றன. கடுங் குளிர் இறங்குவதற்கு நவம்பர் வரையில் அவகாசம் இருக்கிறது. அதற்குள் அவ்வூர்க் குளிரை அறிந்த மூத்த மாணவர்களைக் கலந்துகொள்ளலாம். கோட்டுக்கென்று எண்ணிய பணத்தைத் தனியாகக் கொடுத்தனுப்பி, வேறு எதற்கும் தொடவேண்டாம் என்று சொல்லிவிடுவது உத்தமம்.

ஒருவர் உபயோகித்த உடைகளை விற்கும் கடைகள் அங்கே ஏராளம். நல்ல கோட்டுகள் குறைந்த விலையில் கிடைக்கும். அங்கே நுழைவதை நம்மவர்களில் சிலர் கௌரவக் குறைவாக நினைக்கலாம். 1888-ம் வருஷம் காந்தி மகாத்மா மாணவராக லண்டனுக்குச் சென்றபோது, வெள்ளை உடையே சிலாக்கியம் என்று எண்ணிச் செப்டம்பர் இறுதியில் வெள்ளை பிளானல் உடுப்புடன் கரையிறங்கினார். அப்படி உடுத்தியிருந்தவர் தாம் ஒருவரே என்று கண்டு கூசிப் போனார். பிறகு உயர்ந்த தொப்பிக்கும் நாகரிக உடுப்புக்கும் பணத்தை வாரி இறைத்தார். கடைசியில் அந்த மோகத்தை உதறிச் செலவைச் சுருக்கிய பிறகே அவருக்கு மன நிம்மதி ஏற்பட்டது. அதே மனிதர் 1931-ல் கதர் வேஷ்டியும் சால்வையுமாகச் சக்கரவர்த்தியின் மாளிகைக்குள் நுழைந்தார். கௌரவம் தையற்காரரிடம் கிடைக்கும் சாமான் அல்ல என்று நம் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் பேசும்போது "சாப்பிட்டாயா?" என்று கேட்பது நம் மரபு. அதற்கு எந்தப் பிள்ளையும் "சாப்பிட்டேன்" என்றுதான் பதில் சொல்வான். குளிர் காலம் முடியும் வரையில் இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "கோட்டு வாங்கிவிட்டாயா? மேஜோடு ஈரமில்லாமல் இருக்கிறதா?" இவ்வளவு விவரமாகக் கேட்கும் தாய் தகப்பனிடம், குளிர்கிறது என்பதைச் சொல்லப் பிள்ளை கூச்சப்பட மாட்டான்.