எல்லைக் கடையின் ரசீதும் தில்லியின் அறிவிப்பும்: சிறு மென்பொருள் நிறுவனங்களின் சோதனை

புதுதில்லி: சரக்கு, சேவை வரி (ஜிஎஸ்டி) கவுன்சிலின் 56-வது கூட்டம் 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி தில்லியில் நடைபெற்றது. மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தலைமையில் கூடிய கவுன்சில், 12, 28 விழுக்காடு வரி அடுக்குகளைக் கைவிட்டு, பெரும்பாலான பொருள்களை 5, 18 என்ற இரு அடுக்குகளுக்குள் கொண்டுவர முடிவு செய்தது. புதிய விகிதங்கள் செப்டம்பர் 22-ஆம் தேதி அமலுக்கு வந்தன. அறிவிப்புக்கும் அமலாக்கத்துக்கும் இடையே கிடைத்தவை 18 நாள்கள்.

விலை எவ்வளவு குறையும், மாநிலங்கள் எவ்வளவு வருவாயை இழக்கும் என்பன குறித்து விரிவான விவாதங்கள் நடந்தன. அந்த 18 நாள்களுக்குள் நாடு முழுவதும் உள்ள கடைகளின் கணினிகளில் இம்மாற்றத்தைச் செய்து முடிக்க வேண்டியவர்கள் யார் என்ற கேள்வி அதிகம் எழவில்லை. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தடவும் எண்ணெய் ஆகியவற்றுக்கான வரி 18-லிருந்து 5 விழுக்காடானது. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5-க்கும், சிமெண்ட் 28-லிருந்து 18-க்கும் இறங்கின. தைத்த ஆடையானால் விலையைப் பார்த்தே வரி: 2,500 ரூபாய் வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 18.

பெரிய அங்காடித் தொடர்களுக்குச் சொந்தமாகக் கணினிப் பிரிவு உண்டு. சிறிய ஊரின் மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் இருப்பது ஒரு தொலைபேசி எண் மட்டுமே. ரசீது போடும் மென்பொருளை எழுதி அல்லது வாங்கி விற்று, அதைப் பராமரித்தும் வரும் நாலைந்து பேர் கொண்ட நிறுவனத்தின் எண் அது. "ஸ்டார்ட் அப்' என்ற சொல் பிரபலமாவதற்கு முன்பிருந்தே மாவட்டத் தலைநகரங்களிலும் தாலுகா ஊர்களிலும் இத்தகைய நிறுவனங்கள் இயங்கி வருகின்றன. வாடிக்கையாளரின் மனநிறைவு ஒன்றே அவற்றின் மூலதனம்.

இரு மாநிலங்கள் சந்திக்கும் இடத்தில் இந்தத் தொழில் மேலும் கடினமாகிறது. கேரளத்தின் தென்கோடியில், தமிழகத்தை ஒட்டியுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி அதற்குத் தக்க சான்று.

32-ம் 33-ம்: திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாகாணத்துடன் இணைக்க வேண்டும் என்று போராடிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் கோரியது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே விழுந்தது. கோட்டின் இருபுறமும் திருமண உறவும், சந்தையும், இரு மொழிப் பேச்சும் தொடர்ந்தன.

அந்த எல்லையை வணிகர்களுக்கு நெடுங்காலம் நினைவூட்டி வந்தது அமரவிளை வணிக வரிச் சோதனைச் சாவடி. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி அமலானபின் அங்கு லாரிகள் வரிப் பரிசோதனைக்காக வரிசையில் நின்ற காலம் முடிந்தது. ஆனால் எல்லை மறைந்துவிடவில்லை. சாலையிலிருந்து அகன்று கடையின் கணினிக்குள் புகுந்துகொண்டது.

ஜிஎஸ்டி பதிவு எண்ணின் முதல் இரு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கின்றன. கேரளத்துக்கு 32, தமிழகத்துக்கு 33. பாறசாலை வியாபாரி ஒருவர் நெய்யாற்றின்கரைக் கடைக்குச் சரக்கு அனுப்பினால், வரியில் பாதி மத்திய ஜிஎஸ்டி, பாதி மாநில ஜிஎஸ்டி. அதே சரக்கைப் பக்கத்திலேயே உள்ள களியக்காவிளைக்கு அனுப்பினால், முழுவதும் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி. வாங்குபவர் கொடுக்கும் தொகையில் வேறுபாடு இல்லை, கணக்கில் உண்டு. தலைப்பு மாறிச் செலுத்திவிட்டால், சரியான தலைப்பில் மீண்டும் செலுத்திவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பக் கோரி விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை சிறு வியாபாரியின் கைமுதல் முடங்கிக் கிடக்கும்.

சிக்கல் இத்துடன் நிற்பதில்லை. ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய் வரை உள்ள வியாபாரிகளுக்கான இணக்க வரித் திட்டத்தில் சேர்ந்தவர், வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. திருச்சியிலோ கோட்டயத்திலோ உள்ள சிறு கடைக்கு இந்த விதி நினைவில் இருக்க வேண்டிய தேவை அரிதாகவே வரும். பாறசாலையில் அடுத்த வாடிக்கையாளரே வேறு மாநிலத்தவராக இருக்கக்கூடும்.

பதிவு பெறாத சாதாரண நுகர்வோருக்கான விதியும் 2023 அக்டோபர் 1-ஆம் தேதி மாறியது. ரசீதில் வாங்குபவரின் முகவரி எழுதப்பட்டிருந்தால் அந்த மாநிலமே விற்பனை நடந்த இடமாகக் கொள்ளப்படும்; முகவரி இல்லையெனில் கடை இருக்கும் மாநிலம். குழித்துறையிலிருந்து வந்து குளிர்சாதனப் பெட்டி வாங்குபவரின் முகவரியை, உத்தரவாத அட்டைக்காகக் கடைக்காரர் ரசீதில் பதிந்தால், வரியின் தலைப்பே மாறிவிடுகிறது. இதை ஒவ்வொரு கடைக்காரரும் சட்டம் படித்துத் தெரிந்துகொள்வார் என எதிர்பார்க்க இயலாது. அவர் தாம் பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளையே நம்புகிறார்.

வெள்ள வரி தந்த பாடம்: 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்துக்குப் பிறகு, மறுசீரமைப்புப் பணிகளுக்கு நிதி திரட்டுவதற்காகக் கேரள அரசு 2019 ஆகஸ்ட் 1 முதல் 2021 ஜூலை 31 வரை வெள்ள மேல்வரி வசூலித்தது. 12, 18, 28 விழுக்காடு வரிக்குரிய பொருள்களைப் பதிவு பெறாதவர்களுக்கு மாநிலத்துக்குள் விற்றால் 1 விழுக்காடு. தங்கத்துக்குக் கால் விழுக்காடு. 5 விழுக்காட்டுப் பொருள்களுக்கு இல்லை. பதிவு பெற்ற வியாபாரிக்கு விற்றால் இல்லை. எல்லை தாண்டி விற்றால் இல்லை.

நாடு முழுவதற்கும் ஒரே மென்பொருளை விற்கும் பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு மாநிலத்தின் விதிவிலக்கு. பாறசாலைக் கடைக்கு அன்றாடம் போடும் ஒவ்வொரு ரசீதும் இதைப் பொறுத்தது. வசூலிக்கத் தவறினால் இழப்பு கடைக்காரருக்கு. தவறாக வசூலித்தால் வாடிக்கையாளருடன் தகராறு. மாற்றம் தொடங்கிய நாளில் செய்துகொடுத்தவரும், ஈராண்டு கழித்து முடிந்த நாளில் மறக்காமல் நீக்கிக்கொடுத்தவருமே வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ள முடிந்தது.

இத்தகைய அவசரங்கள் புதியவை அல்ல. 2017 நவம்பரில் குவாஹாட்டியில் கூடிய கவுன்சில் 178 பொருள்களை 28-லிருந்து 18 விழுக்காட்டுக்கு மாற்றியபோது கிடைத்தவை ஐந்து நாள்கள் மட்டுமே. 2018 ஏப்ரல் 1 முதல், 50 ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநில எல்லை தாண்டினால் மின்வழிச் சீட்டு கட்டாயமானது. மின் ரசீது முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு அறிமுகமாகி, படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடியை எட்டியது. ஒவ்வொரு படியிலும் மென்பொருளைத் திருத்தும் செலவு, அதை விற்றவரின் தலையில் விழுந்தது.

நிறைவு எங்கே பிறக்கிறது?: இத்தொழிலின் பொருளாதாரம் எளிமையானது. மென்பொருளை விற்கும்போது ஒருமுறை பணம் வரும். அதன்பின் நிறுவனம் பிழைத்திருப்பது ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தால். ஆண்டு முடிவில் கடைக்காரர் கட்டணத்தைப் புதுப்பிப்பாரா என்பது, அந்த ஆண்டில் அவர் இக்கட்டில் இருந்தபோது தொலைபேசி எடுக்கப்பட்டதா என்பதைப் பொறுத்தது.

இக்கட்டு வரும் நாள்கள் ஓரளவு முன்கூட்டியே தெரிந்தவை. மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோருக்கு 11-ஆம் தேதி விற்பனை விவரத்துக்கான கடைசி நாள். 20-ஆம் தேதி வரி செலுத்துவதற்கான கடைசி நாள். காலாண்டு முறையில் உள்ளோருக்கு 13, 22. அந்நாள்களில் வரும் அழைப்புகளைச் சமாளிக்க ஆள் வேண்டும். மற்ற நாள்களில் அதே ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவும் வேண்டும். புதிய வசதிகளைச் சேர்த்துப் புதிய வாடிக்கையாளரைத் தேடுவதா, பழைய வாடிக்கையாளரின் பிழையை முதலில் சரிசெய்வதா என்ற இழுபறி நாலைந்து பேர் கொண்ட நிறுவனத்தில் ஓயாமல் நடக்கிறது. முதலாவதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வளர்ச்சி வேகமாக வரலாம். புதுப்பிக்கும் காலத்தில் பட்டியல் சுருங்கியிருப்பதும் தெரியவரும்.

எல்லைப்புறத்தில் மொழியும் சேவையின் பகுதியே. கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969, தமிழ், கன்னடம் பேசும் சிறுபான்மையினர் மாநில அரசுடன் தங்கள் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். அரசுக்குச் சட்டம் விதித்த கடமையை, கடைக்கு மென்பொருள் விற்பவருக்குச் சந்தை விதிக்கிறது. பொருளின் பெயர் மலையாளத்தில் தெரிய வேண்டும். களியக்காவிளை வாடிக்கையாளருக்கான ரசீது தமிழில் அச்சாக வேண்டும். கடைகளில் உள்ள சிறிய ரசீது அச்சுப்பொறிகள் பலவற்றில் இந்திய மொழி எழுத்துகள் கிடையா. எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் அச்சாகும். இந்தச் சிறு நுணுக்கத்தைப் பொறுமையாகச் செய்துகொடுப்பவர் கடைக்காரரின் மதிப்பைப் பெறுகிறார்.

கடைக்காரரின் கணக்கு விவரங்களை நாள்தோறும் வேறிடத்தில் பிரதி எடுத்து வைப்பதும், அவர் வேறு மென்பொருளுக்கு மாற விரும்பினால் விவரங்களைத் தடையின்றித் திருப்பித் தருவதும் இதில் அடங்கும். விவரத்தைப் பிடித்து வைத்து வாடிக்கையாளரைக் கட்டிப்போடும் பழக்கம் இத்துறையில் இல்லாமல் இல்லை. சிறிய ஊரில் அந்தச் செய்தி ஒரே சந்தை நாளில் பரவிவிடும்.

கொள்கை காணாத இடம்: "ஸ்டார்ட் அப் இந்தியா' திட்டத்தை மத்திய அரசு 2016 ஜனவரி 16-ஆம் தேதி தொடங்கியது. 2025 ஜனவரி நிலவரப்படி அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் 1.59 லட்சம். 10 ஆயிரம் கோடி ரூபாய் முதலீட்டு நிதியம், 2025 பட்ஜெட்டில் மேலும் 10 ஆயிரம் கோடி, 2024 ஜூலை பட்ஜெட்டில் "ஏஞ்சல்' வரி ரத்து எனச் சலுகைகள் தொடர்ந்தன. இவற்றின் பயன் பெரும்பாலும் வெளி முதலீட்டைத் திரட்டும் நிறுவனங்களுக்கே. அங்கீகாரத்துக்குப் புதுமையோ பெருவளர்ச்சிக்கான வாய்ப்போ காட்டப்பட வேண்டும். சில நூறு கடைகளை ஒழுங்காகக் கவனித்துக்கொள்வதையே தொழிலாகக் கொண்டவருக்கு முதலீட்டாளர் வருவதும் இல்லை; விலக்களிக்க "ஏஞ்சல்' வரியும் இல்லை.

சிறிய ஊரில் திறமை இல்லை என்பது காரணமாகாது. கொரோனா காலத்தில், உள்நாட்டிலேயே காணொலிக் கூட்ட மென்பொருள் உருவாக்க மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2020 ஏப்ரலில் போட்டி அறிவித்தது. ஏறத்தாழ 2,000 விண்ணப்பங்களில் ஆகஸ்டில் வென்றது, ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலையில் ஜாய் செபாஸ்டியன் தலைமையில் இயங்கிய டெக்ஜென்ஷியா. பரிசு ஒரு கோடி ரூபாய். அதைவிட முக்கியமாக, அரசே வாடிக்கையாளராகும் ஒப்பந்தம். சென்னையில் வளர்ந்த ஸோஹோ நிறுவனம், தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் அமைத்தபின், 2025 ஜூலையில் கேரளத்தின் கொட்டாரக்கரையிலும் ஆய்வு மையம் திறந்தது. தென்காசியும் கொட்டாரக்கரையும் பெருநகரங்கள் அல்ல என்பது குறிப்பிடத்தக்கது.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிக் கடைகளுக்குச் சேவை செய்பவர்களுக்குத் தேவைப்படுவது மானியம் அல்ல. வரி விகித மாற்றங்களுக்குக் குறைந்தபட்சக் கால அவகாசம் நிர்ணயிக்கப்படலாம். பொருள் வாரியான புதிய விகிதப் பட்டியல், கணினி நேரடியாக ஏற்கும் வடிவில் அறிவிப்பு நாளிலேயே வெளியிடப்படலாம். ஜிஎஸ்டி வலையமைப்புடன் மென்பொருளை இணைக்கச் சிறு நிறுவனங்கள் பெரும்பாலும் "சுவிதா' வழங்குநர்கள் எனப்படும் அங்கீகாரம் பெற்ற இடைநிலை நிறுவனங்களையே நாட வேண்டியுள்ளது; அவர்களுக்கு எட்டக்கூடிய கட்டணத்தில் நேரடி வழி திறக்கப்படலாம். இவை மூன்றும் மத்திய அரசும் மாநிலங்களும் ஒன்றாக அமரும் கவுன்சிலில் முடிவு செய்யக்கூடியவை. கேரளமும் தமிழகமும் அங்கு ஒரே குரலில் பேச இதைவிடப் பொதுவான பொருள் எளிதில் கிடைக்காது.

வரிச் சீர்திருத்தம் தில்லியில் அறிவிக்கப்படுகிறது. அது நடைமுறைக்கு வருவது, கடைக்காரர் அழைக்கும்போது மறுமுனையில் ஒருவர் தொலைபேசியை எடுப்பதால்தான். அடுத்த மாற்றம் வரும்போதும் அந்த எண் இயங்கிக்கொண்டிருக்க வேண்டுமானால், அவருக்குத் தரப்படும் நாள்களின் எண்ணிக்கையையும் கவுன்சில் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.