ஆறு பேர் கையில் ஒரே சாவி. பழி யார் தலையில்?

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. பெட்டக அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று மானேஜர் கையில். மற்றது காசாளர் கையில். ஒருவர் மட்டும் போய்த் திறந்துவிட முடியாது. சாவி கை மாறினால் தேதி, நேரம் போட்டுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்க வேண்டும்.

அதே வங்கியின் கணக்குகள் முழுவதையும் வைத்திருக்கும் கம்ப்யூட்டரின் கதி என்ன? "அட்மின்" என்று ஒரு பெயர். அதற்கு ஒரு பாஸ்வேர்டு. பல அலுவலகங்களில் அந்த ரகசியச் சொல், ஷிப்டு மாறும்போது வாய்மொழியாகவே கை மாறுகிறது!

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்துகொண்டு, எங்கோ இருக்கும் கம்பெனியின் கம்ப்யூட்டரை இரவெல்லாம் பராமரிக்கும் பையன்களை நினைத்துப் பாருங்கள். ஆறு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு. இரவு 2 மணிக்கு ஏதோ ஒரு கணக்கு அழிந்து போகிறது. காலையில் பதிவைப் பார்த்தால், "அட்மின் அழித்தார்" என்று மட்டும் இருக்கிறது.

யார் அந்த அட்மின்? காண்டிராக்டில் வந்த பையன் மேல்தான் முதலில் சந்தேகம் விழும். "நான் இல்லை" என்று சொல்லலாம். சாட்சிக்கு எங்கே போவான்?

<b>ஏ.சி. ரிப்பேர் கம்பெனி வழியாக...</b>

2013-ம் ஆண்டு அமெரிக்காவில் "டார்கெட்" என்ற பெரிய கடைத்தொடரில் சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்கள் திருடு போயின. திருடர்கள் நேரே வாசல் வழியாக வரவில்லை. கடைக்குக் குளிர்சாதன வேலை செய்துகொடுத்த ஒரு சின்ன காண்டிராக்டரிடம் இருந்த பாஸ்வேர்டைத் திருடிக்கொண்டு உள்ளே புகுந்தார்கள்.

2021 மே மாதம் "கலோனியல்" எண்ணெய்க் குழாய் சில நாட்கள் நின்றுபோனது. பெட்ரோல் பங்குகளில் கூட்டம் அலைமோதியது. காரணம், வெளியிலிருந்து இணைப்பதற்காக முன்பு கொடுத்த ஒரு பழைய கணக்கு. யாரும் பயன்படுத்தவில்லை, மூடவும் இல்லை. கம்பெனி 75 பிட்காயின், அதாவது சுமார் 44 லட்சம் டாலர், கப்பம் கட்டியது. அதில் ஒரு பகுதியை அரசாங்கம் பின்னர் மீட்டது.

<b>காவல்காரன் என்ன செய்கிறான்?</b>

இதற்கு மாற்றாக வந்தவைதான் "பிரிவிலேஜ்டு அக்சஸ் மேனேஜ்மென்ட்" சாதனங்கள். சுருக்கமாக பி.ஏ.எம். வேலை செய்கிறவருக்குப் பாஸ்வேர்டே தெரியாது என்பதுதான் இதில் விசேஷம்.

அவர் தன் சொந்தப் பெயரில் வாசலுக்கு வருகிறார். கைபேசியில் வரும் எண்ணையும் கொடுக்கிறார். இன்ன வேலைக்கு, இத்தனை மணி நேரம் என்று மேலதிகாரி அனுமதி தருகிறார். பெட்டகத்தில் இருக்கும் பாஸ்வேர்டை எடுத்துப் பூட்டைத் திறந்து விடுவது காவல்காரனின் வேலை. உள்ளே நடப்பது அத்தனையும் சினிமாப் படம் போலப் பதிவாகிறது. மேலதிகாரி கூடவே இருந்து பார்க்கலாம். தப்பு நடந்தால் பாதியில் துண்டிக்கலாம். வேலை முடிந்ததும் பாஸ்வேர்டு தானாகவே மாற்றப்படுகிறது.

<b>எது யாருக்கு?</b>

இஸ்ரேலில் 1999-ல் தோன்றிய "சைபர்ஆர்க்" பெட்டகத்தில் கெட்டி. பெரிய வங்கிகள் விரும்புவது இதைத்தான். ஆனால் யானையைக் கட்டித் தீனி போடுவது போல, இதை நடத்துவதற்கென்றே பழகிய ஆட்கள் வேண்டும்.

"பியாண்ட்டிரஸ்ட்" வந்த வழி வேறு. மிசிசிப்பி வெயிலில் காரோட்டிப் போய்க் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்து அலுத்துப்போன ஜோயல் பாம்கர் என்ற இளைஞர், உட்கார்ந்த இடத்திலிருந்தே சரிசெய்ய 2003-ல் தொடங்கிய கம்பெனியே இதன் ஒரு வேர். வெளி காண்டிராக்டர்களைத் தனி நெட்வொர்க் இணைப்பு கொடுக்காமலே, குறிப்பிட்ட கம்ப்யூட்டருக்கு மட்டும் விடுவதில் இது சமர்த்து.

"டெலிபோர்ட்" பாஸ்வேர்டையே ஒழிக்கப் பார்க்கிறது. சில மணி நேரத்தில் காலாவதியாகும் அனுமதிச் சீட்டைத்தான் தருகிறது. லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் நிறைய வைத்திருப்பவர்களுக்குப் பொருத்தம்.

நம் ஊர்ச் சரக்கும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்தும் ஜோஹோவின் "பாம்360", அனுமதி, படப்பதிவு, பாஸ்வேர்டு மாற்றம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தருகிறது. நடுத்தரக் கம்பெனிகளுக்கு இது தோது. மும்பையின் "ஆர்க்கான்" இன்னொன்று.

"இலவசமாகக் கிடைக்கிறதே" என்று சிலர் "அப்பாச்சி குவாகமோலி" பக்கம் போகிறார்கள். பிரவுசர் வழியாகவே தூரத்துக் கம்ப்யூட்டரைத் திறக்கலாம், பதிவும் செய்யலாம். நல்ல சாதனம்தான். ஆனால் அது வாசல், பெட்டகம் அல்ல. பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றும் வேலையை அது செய்வதில்லை.

<b>பூட்டுக்கடையிலேயே திருட்டு!</b>

விளம்பரத்தில் வராத விஷயமும் உண்டு. 2024 டிசம்பரில் அமெரிக்க நிதித்துறையின் கம்ப்யூட்டர்களுக்குள் அந்நியர்கள் புகுந்தார்கள். புகுந்த வழி? பியாண்ட்டிரஸ்டின் தொலைதூரச் சேவைக்கு உரிய ஒரு திறவுகோலைத் திருடித்தான்! சீனாவைச் சொன்னது அமெரிக்கா, சீனா மறுத்தது. பாம்360-லும் 2022-ல் ஒரு பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டது. அடைப்பைப் போடாமல் சோம்பலாக இருந்தவர்களைத் தேடித் தாக்கினார்கள் திருடர்கள்.

ஆகவே, "எது பெரிய பெயர்?" என்று கேட்பதைவிட, வந்த திருத்தத்தை எத்தனை நாளில் போடுவீர்கள் என்று தன் அலுவலகத்தையே கேட்பது புத்திசாலித்தனம்.

வேலை செய்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்தப் படப்பதிவை யார் பார்க்கலாம்? யார் அழிக்கலாம்? அதிகாரி நினைத்தால் அழிக்க முடியுமென்றால், அது தொழிலாளிக்குச் சாட்சி ஆகாது. மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, கம்ப்யூட்டர் பதிவுக் குறிப்புகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். பழி வந்தால் அதற்குள் கேட்டு வாங்குவது நல்லது.

இன்னொன்று. பதிவாகும் நேரத்தில் அந்தத் திரையிலேயே சொந்த பாங்கு கணக்கையோ, வீட்டுக் கடிதத்தையோ திறந்தால் அதுவும் சேர்ந்தே பதிவாகும்.

காவல்காரனே படுத்துவிட்டால்? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அவசர பாஸ்வேர்டைக் காகிதத்தில் அச்சடித்து, உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து, இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. உறையைப் பிரிப்பவர் தேதி, நேரம் போட்டுப் பதிவேட்டில் கையெழுத்து வைக்க வேண்டும்.