ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி?

மூன்று ஆண்டுகளில் 19.1 சதவிகித ஊதிய உயர்வு. கொடுக்க நிர்வாகம் தயாராகத்தான் இருந்தது. நியூயார்க்கின் வேறு சில மருத்துவமனைகளில் இதே உயர்வுக்கு நர்ஸுகளின் சங்கம் ஒப்புக்கொண்டும் விட்டது. ஆனாலும் 2023 ஜனவரி 9 அன்று மான்ஹாட்டனின் மவுன்ட் சினாய், பிராங்ஸின் மான்டிஃபியோரே என்ற இரண்டு பெரிய மருத்துவமனைகளின் நர்ஸுகள் சுமார் 7,000 பேர், வேலைநிறுத்தத்தில் இறங்கி, சிவப்புத் தொப்பியும் பதாகையுமாக வாசலில் திரண்டார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஒரு ஷிப்டில் ஒரு நர்ஸ் எத்தனை பேரைப் பார்ப்பது?

பச்சிளங்குழந்தைகளுக்கான ஐ.சி.யு.வை எடுத்துக்கொள்ளுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் குழாய் வழியாகப் பால், சொட்டுச் சொட்டாக மருந்து, நிமிடத்துக்கு நிமிடம் ஆக்சிஜன் கண்காணிப்பு. ஒரு நர்ஸிடம் இப்படி இரண்டு குழந்தைகள் இருந்தாலே கை ஓயாது. ஆள் இல்லை என்று மூன்றாவதையும் ஒப்படைத்தால், ஒன்றைக் கவனிக்கும்போது இன்னொன்றின் அலாரம் அடிக்கும். மான்டிஃபியோரேயிலோ அவசர சிகிச்சைப் பிரிவின் நடைபாதையிலேயே நோயாளிகளைப் படுக்க வைத்திருந்தார்கள். கோவிட் காலத்தில் வேலையை விட்டுப் போனவர்களின் இடங்கள் நூற்றுக்கணக்கில் காலியாகக் கிடந்தன.

அமெரிக்கச் சட்டப்படி மருத்துவமனை ஊழியர்கள் வேலைநிறுத்தத்துக்கு 10 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். அந்த அவகாசத்தில் மவுன்ட் சினாய், ஐ.சி.யு. குழந்தைகளை வேறு மருத்துவமனைகளுக்கு மாற்றத் தொடங்கியது. வெளியூர் நர்ஸுகளைத் தற்காலிகமாக அமர்த்தியது. நடுவர் தீர்ப்புக்கு விட்டுவிடுங்கள் என்றார் நியூயார்க் மாநில ஆளுநர் கேத்தி ஹோக்கல். சங்கம் மறுத்துவிட்டது. பேசித் தீர்க்க வேண்டியதைப் பேசித்தான் தீர்க்க வேண்டும் என்பது அதன் நிலை.

மூன்றே நாளில் முடிவு வந்தது. ஜனவரி 12 அதிகாலையில் உடன்பாடு. மான்டிஃபியோரே சுமார் 170 புதிய நர்ஸ் பணியிடங்களுக்கு ஒப்புக்கொண்டது. மவுன்ட் சினாயில் ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளி என்ற கணக்கு எல்லாப் படுக்கைப் பிரிவுகளுக்கும் உறுதியானது. மீறினால் நடுவரிடம் போகலாம். அவர் அபராதம் விதிக்கலாம். ஊதிய உயர்வு அதே 19.1 சதவிகிதம்தான்.

அபராதம் என்பது வெறும் மிரட்டலாக நின்றுவிடவில்லை. சில மாதங்களிலேயே மவுன்ட் சினாயின் பச்சிளங்குழந்தைகள் ஐ.சி.யு.வில் ஆள் பற்றாக்குறை இருந்ததாக நடுவர் தீர்ப்பளித்தார். கூடுதல் சுமையைத் தாங்கிய நர்ஸுகளுக்கு மருத்துவமனை சுமார் 1,27,000 டாலர் தர வேண்டும் என்றார்.

ஆளைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்கும் கணக்கு உடைந்தது இங்கேதான். பேச்சுவார்த்தை மேசையில் உட்காரப்போகும் நர்ஸுகள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும், எத்தனை நோயாளி என்று எழுதி வாங்குவதோடு எழுந்துவிடக் கூடாது. மீறினால் எவ்வளவு அபராதம், அதை விதிப்பது யார் என்பதையும் எழுதி வாங்க வேண்டும்.