புனித பவுல் எட்டாத துறைமுகம்



கிரேக்க நாட்டைச் சேர்ந்த கிரேத்துத் தீவின் தெற்குக் கரையில் 'அயியோஸ் பாவ்லோஸ்' என்றொரு கடற்கரை உண்டு. புனித பவுல் என்பதே அதன் பொருள். அங்கே செல்லச் சாலை கிடையாது. அருகிலுள்ள அயியா ரூமெலி என்ற சிற்றூருக்கும் சாலை இல்லை; படகில் வர வேண்டும், அல்லது சமாரியா மலைப்பிளவு வழியாகச் சுமார் 16 கிலோமீட்டர் நடந்து இறங்க வேண்டும். அங்கிருந்து கிழக்கே, பைன் மரங்களும் பாறைகளும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் இக்கடற்கரை வரும். வண்டி வர வழியில்லாததால்தான் இது இன்னும் கெடாமல் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

அலைகளுக்குச் சற்று மேலே ஒரு சிற்றாலயம். கடற்கரைக் கற்களைக் கொண்டே கட்டப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பழமையானது. அருகில் கூழாங்கற்களுக்கிடையே நன்னீர் ஊறுகிறது. பின்னால் நிற்கும் வெண்மலைகளில் பெய்யும் மழையும் பனியும் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, கடலோரத்தில் வெளிப்படுகின்றன. புனித பவுல் இங்கே இறங்கி, இந்நீரால் மக்களுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார் என்பது உள்ளூர் மரபு.

இதை நாம் எப்படி எடுத்துக்கொள்வது? திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போம். கைதியாக உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பவுல், குளிர்காலம் நெருங்கியதால் பயணத்தைத் தொடர வேண்டாம் என்று எச்சரித்தார். நூற்றுவர் தலைவரோ கப்பலோட்டியின் பேச்சையும் கப்பல் உரிமையாளரின் பேச்சையுமே நம்பினார். (கடலைப் பற்றி ஒரு கைதிக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பார் போலும்!) அவர்கள் போக விரும்பியது இதே தெற்குக் கரையிலிருந்த பெனிக்சு துறைமுகத்துக்கு. அது இன்றைய லூத்ரோ என்றே பலரும் கருதுகின்றனர். நம் கடற்கரையிலிருந்து அதே பாதையில் மேலும் சில மணி நேர நடை. தென்றல் மெதுவாக வீசியது. நினைத்தது கைகூடியது என்று எண்ணி நங்கூரம் தூக்கினார்கள். சற்று நேரத்தில் மலைப் பக்கமிருந்து சூறைக்காற்று பாய்ந்தது. கப்பல் கவுதா தீவின் பக்கமாக அடித்துச் செல்லப்பட்டு, இறுதியில் மால்த்தாவில் உடைந்தது. கப்பலிலிருந்த 276 பேரும் உயிர் தப்பினர்.

ஆக, அப்பயணத்தில் பவுல் இக்கரையில் இறங்கியதாக லூக்கா எழுதவில்லை. தீத்துவைக் கிரேத்துவில் விட்டுவந்ததாகத் தீத்து 1:5 கூறுவதால், வேறொரு சமயம் அவர் இத்தீவில் இருந்திருக்கலாம். ஆகவே மரபை ஏளனம் செய்யவும் வேண்டாம், இறைவார்த்தைக்கு மேலாக வைக்கவும் வேண்டாம். சின்னப்பர் என்று நம் பெரியவர்கள் அழைத்த அந்தத் திருத்தூதர், கரையை மிக அருகில் பார்த்தும் சேர முடியாமல் போன கடல் இது. அதுவே நமக்குப் போதும்.

செல்பவர்கள் தண்ணீரும் தொப்பியும் எடுத்துச் செல்லுங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆலயம் ஆர்த்தடாக்ஸ் சகோதரர்களுடையது. குளியல் உடையோடு உள்ளே நுழையலாகாது. வானம் தெளிவாக இருந்தால் வாசலில் நின்று தெற்கே பாருங்கள். அடிவானத்தில் தாழ்வாகத் தெரிவது கவ்தோஸ், அதாவது லூக்கா குறிப்பிடும் கவுதா.